பத்தாவது ரிசல்ட்டும் கிராமத்து எச்.எம்-மும்: வேலூர் பக்கம் என்ன நடக்குது, ஒரு விளக்கம்

ஒவ்வொரு மே மாசமும் பத்தாவது ரிசல்ட் வந்த அன்னைக்கே வேலூர் பக்கத்து வாட்ஸ்அப் குரூப் எல்லாத்துலயும் ஒரே லிஸ்ட் தான் சுத்தும், மாவட்ட வாரியா பாஸ் பர்சன்டேஜ். 2024-ல மாநிலம் மொத்தமா 91.55 சதவீதம், முதல்ல வந்த அரியலூர் 97.31, கடைசியில வேலூர் 82.07. 2025-ல மாநிலம் 93.80 ஆச்சு, வேலூரும் 85.44-க்கு ஏறுச்சு, ஆனா இடம் அதே கடைசி. உடனே பேச்சு கிளம்பிடும். "எச்.எம் சரியில்ல, தூக்குங்க அவரை"ன்னு ஒரு கூட்டம், "அவர் என்னங்க பண்ணுவாரு, பசங்க அப்படி, வீடு அப்படி"ன்னு இன்னொரு கூட்டம். எச்.எம் மேல போடுற பழி பெரும்பாலும் தப்பான இடத்துல விழுது, அவரை காப்பாத்த பேசுற பேச்சும் அவர் கையில நெசமாவே இருக்கிற விஷயங்களை மறைச்சிடுது. அதனால அடிப்படையில இருந்து பாக்கலாம்.

பழைய கணக்கோட ஒப்பிடுறவங்க ஒண்ணு கவனிக்கணும். 2019 நவம்பர்ல தான் வேலூர் மூணா பிரிஞ்சு ராணிப்பேட்டை, திருப்பத்தூர் தனி மாவட்டம் ஆச்சு. அதுக்கு முந்தின "வேலூர் மாவட்டம்" நம்பர்ல அரக்கோணம், ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் சேர்ந்தே இருக்கும். ரெண்டையும் பக்கத்துல வச்சு "அப்போ எப்படி இருந்துச்சு, இப்போ பாரு"ன்னு சொல்றது சரியா வராது.

முதல்ல யார் யாருன்னு பாத்துக்கலாம்

உயர்நிலைப் பள்ளின்னா ஆறுல இருந்து பத்து, மேல்நிலைன்னா பன்னெண்டு வரைக்கும். பத்தாவது வரைக்கும் பாடம் எடுக்கிறவங்க பி.டி. டீச்சர், அதாவது பட்டதாரி ஆசிரியர். பதினொன்னு பன்னெண்டுக்கு பி.ஜி. டீச்சர். சின்ன உயர்நிலைப் பள்ளியில பொதுவா தமிழ், இங்கிலீஷ், கணக்கு, சயின்ஸ், சோஷியல்னு பாடத்துக்கு ஒரு பி.டி. தான். கணக்கு மேடம் மெட்டர்னிட்டி லீவுல போனாங்கன்னா அந்த ஸ்கூல்ல கணக்குக்கு வேற ஆளே கிடையாது.

எச்.எம்-க்கு மேல மாவட்டக் கல்வி அலுவலர், அவருக்கு மேல முதன்மைக் கல்வி அலுவலர், அதாவது டி.இ.ஓ., சி.இ.ஓ. எச்.எம் போஸ்ட் காலியா இருந்தா அந்த ஸ்கூல்ல சீனியர் டீச்சர் ஒருத்தர் பொறுப்பு எச்.எம்-ஆ இருப்பாரு, தன்னோட கிளாஸையும் எடுத்துக்கிட்டு ஆபீஸ் வேலையும் பாக்கணும். ஊர் பக்கம் பாத்தா பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு, 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதுல நாலுல மூணு பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பழைய பெற்றோர் ஆசிரியர் கழகம் வேற, இது வேற, ரெண்டையும் நிறைய பேர் குழப்பிக்கிறாங்க.

எச்.எம் மாறினா மார்க் மாறுமா? ஆய்வுகள் சொல்றது

1966-ல அமெரிக்காவுல ஜேம்ஸ் கோல்மன் தலைமையில ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. பசங்க எப்படி படிக்கிறாங்கங்கிறதை ஸ்கூலை விட வீட்டுப் பின்னணி தான் அதிகமா தீர்மானிக்குதுன்னு அது சொல்லுச்சு. நம்மூர்ல "வீடு அப்படி"ன்னு சொல்றோமே, அதே வாதம் தான். அதுக்கு எதிரா 1979-ல ரொனால்ட் எட்மண்ட்ஸ், ஏழைப் பசங்க படிக்கிற ஸ்கூல்கள்லயே நல்லா வந்த ஸ்கூல்களை தனியா எடுத்துப் பாத்தாரு. அங்கெல்லாம் பொதுவா இருந்த விஷயங்கள்ல பலமான தலைமை ஒண்ணு.

அதுக்கப்புறம் வந்ததுல மூணு விஷயம் முக்கியம்.

1. 1998-ல ஹாலிஞ்சர், ஹெக் ரெண்டு பேரும் அதுவரைக்கும் வந்த ஆய்வுகளை திரட்டிப் பாத்து சொன்னது: தலைமையோட பலன் நெசம், ஆனா அது சின்னது, பெரும்பாலும் நேரடியா வராது. டீச்சர் வழியா, ஸ்கூல் நடக்கிற விதத்து வழியா தான் பசங்களுக்கு போய் சேருது.

2. 2008-ல நியூசிலாந்து ஆய்வாளர் விவியன் ராபின்சனும் கூட ரெண்டு பேரும், எந்த மாதிரி தலைமைக்கு எவ்ளோ பலன்னு கணக்கு போட்டாங்க (நம்பர் பெருசா இருந்தா பசங்க படிப்புல பலனும் பெருசு). அவங்க எடுத்த ஆய்வுகள்ல பாதிக்கு மேல அமெரிக்க ஸ்கூல் தான். ஊக்கம் குடுக்கிறது, கனவு காட்டுறதுங்கிற தலைமைக்கு 0.11, பாடம் நடக்கிறதுலயே இறங்கி வேலை செய்யிற தலைமைக்கு 0.42. கிட்டத்தட்ட நாலு மடங்கு. அதுலயும் அதிகமா வந்தது எது தெரியுமா, டீச்சர்ஸ் கத்துக்கிறப்போ எச்.எம் தானும் கூட உக்காந்து கத்துக்கிறது, 0.84.

3. 2021-ல கிரிசம் குழுவோட அறிக்கை, இதுவும் அமெரிக்கா. சராசரிக்கு கீழ இருக்கிற எச்.எம்-க்கு பதிலா சராசரிக்கு மேல இருக்கிற எச்.எம் வந்தா, ஒரு வருஷத்துல கணக்குல 2.9 மாசம், வாசிப்புல 2.7 மாசம் கூடுதலா படிச்ச மாதிரி பலன் இருக்குன்னு கணிச்சாங்க. ஒரு டீச்சரால ஒரு கிளாஸுக்கு வர்ற பலனும் கிட்டத்தட்ட இந்த அளவு தான், ஆனா எச்.எம்-ஆல வர்றது ஸ்கூல் மொத்தத்துக்கும் வருது.

இந்த நம்பரை அப்படியே அணைக்கட்டுக்கும் பேரணாம்பட்டுக்கும் தூக்கிட்டு வரக்கூடாது. அமெரிக்காவுல எச்.எம்-க்கு டீச்சரை தேர்ந்தெடுக்கிறதுல பங்கு உண்டு, இங்க சுத்தமா கிடையாது. ஆனா எந்த வழியா பலன் போகுதுங்கிற விஷயம் இங்கயும் பொருந்தும். 2015-ல புளூம் குழு எட்டு நாட்டுல 1,800-க்கு மேல ஸ்கூல்களோட நிர்வாகத்தை அளந்தப்போ, நிர்வாகம் நல்லா இருந்த இடத்துல மாணவர் ரிசல்ட்டும் நல்லா இருந்துச்சு, அந்த எட்டுல இந்தியா தான் கடைசி. இங்க சரி பண்றதுக்கு இடம் ரொம்பவே இருக்குன்னு தான் நான் அதை படிக்கிறேன்.

எந்த வழியா போய் சேருது

1. நேரம். ப்ரேயர் முடிஞ்சு கிளாஸுக்கு போக தினம் பத்து நிமிஷம் வீணா போகுதுன்னு வச்சுக்கங்க. இருநூறு நாள்ல 2,000 நிமிஷம், நாப்பது நிமிஷ பீரியட்னா அம்பது பீரியட் போச்சு. இதுக்கு பட்ஜெட்டும் வேணாம், ஆர்டரும் வேணாம், எச்.எம் வராண்டாவுல நின்னாலே பாதி சரியாகிடும்.

இதை விட பெரிய ஓட்டை சப்ஸ்டிட்யூஷன். அஞ்சு பி.டி. இருக்கிற ஸ்கூல்ல ஒரு திங்கக்கிழமை காலைய நினைச்சுப் பாருங்க. ஒருத்தர் பயிற்சிக்கு போயிட்டாரு, ஒருத்தர் நாமினல் ரோல்ல, அதாவது பொதுத்தேர்வு எழுதுறவங்க பட்டியல்ல, பேர் திருத்தம்னு டி.இ.ஓ. ஆபீஸுக்கு போயிருக்காரு, ஒருத்தர் லீவு. ரெண்டு டீச்சர், அஞ்சு கிளாஸ். ஒரு மாதிரி எச்.எம் இருந்தா என்ன ஆகும், மீதி மூணு கிளாஸுக்கும் "சத்தம் வரக்கூடாது, படிங்க"ன்னு சொல்லி அனுப்புவாங்க, கிளாஸ் லீடர் சாக்பீஸ் எடுத்து போர்டுல "பேசுறவங்க"ன்னு கோடு போட்டு பேர் எழுதிக்கிட்டு இருப்பான், மதியம் வரைக்கும் அதான் பாடம். இன்னொரு மாதிரி எச்.எம் இருந்தா ஆறையும் ஏழையும் ஒண்ணா ஹால்ல உக்கார வச்சு வாசிப்பு, எட்டுக்கு முன்னாடியே எடுத்து வச்ச ஒர்க்ஷீட், ஒன்பதாவதுக்கு தானே போய் நிப்பாரு. பயிற்சி தேதி முன்னாடியே தெரிஞ்ச விஷயம் தான், அதை ஒரு வாரம் முன்ன யோசிச்சு வச்சாங்களா இல்லையாங்கிறது தான் வித்தியாசம். வருஷத்துக்கு இந்த மாதிரி எத்தனை நாள் வரும்னு எந்த டீச்சரையும் கேட்டுப் பாருங்க.

2. யாருக்கு எந்த கிளாஸ். மேல்நிலைப் பள்ளி மாதிரி கொஞ்சம் பெரிய இடத்துல நல்ல டீச்சரை எல்லாம் பத்தாவதுக்கும் பன்னெண்டாவதுக்கும் போடுறது பழக்கம். ஆறு, ஏழு கிளாஸுக்கு மிச்சம் மீதி தான். பொதுத்தேர்வுன்னு ஒண்ணு இருக்கிற வரைக்கும் இந்த இழுப்பு இருக்கும், புரியுது. ஆனா பத்தாவதுல அல்ஜீப்ராவுல மாட்டுற பையனோட நோட்டை எடுத்துப் பாருங்க. சமன்பாடு போடத் தெரியும், படி படியா சரியா தான் வருவான், மைனஸ் அஞ்சோட மூணை கூட்டுற இடத்துல மைனஸ் எட்டுன்னு எழுதுவான், அங்க இருந்து கடைசி வரைக்கும் தப்பு. அது ஆறு ஏழாங்கிளாஸ் பாடம். பத்தாவது டீச்சர் எவ்ளோ ஸ்பெஷல் கிளாஸ் வச்சாலும் அவங்க தேடுற இடத்துல அந்த ஓட்டை இருக்காது. எட்டாவது வரைக்கும் யாரையும் ஃபெயில் போடுறதில்ல, அது சரியான முடிவு தான், ஆனா ஃபெயில் இல்லங்கிறதால யாரும் கவனிக்கவும் வேணாம்னு ஆயிடுச்சு. 2025-26-ல திறன் திட்டம் கொண்டு வந்தது இதுக்கு தான், ஆறுல இருந்து ஒன்பது வரைக்கும் அடிப்படைத் தமிழ், இங்கிலீஷ், கணக்குல பின்தங்கினவங்களுக்கு தனி வகுப்பு. அந்த நேரத்தை எச்.எம் காப்பாத்திக் குடுத்தா திட்டம் ஓடும், இல்லன்னா அதுவும் ஒரு ரிஜிஸ்டர்.

3. டீச்சர் கிட்ட பேசுறது. ரவுண்ட்ஸ் போறதுன்னா ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டு போறது கிடையாது. பின் பெஞ்சுல இருபது நிமிஷம் உக்காந்து, அப்புறம் ஸ்டாஃப் ரூம்ல "அந்த மூணாவது வரிசை பசங்க ஏன் எழுதவே இல்ல"ன்னு கேக்குறது. மெமோ குடுக்கிற குரல்ல கேட்டா டீச்சர் மூடிக்குவாங்க, கூட வேலை செய்யிறவங்க குரல்ல கேட்டா பேசுவாங்க. சங்கம், சீனியாரிட்டி, ஊர்க்காரர்னு நூறு விஷயம் நடுவுல இருக்கு, அதையும் தாண்டி இதை செய்யிற எச்.எம்-கள் இருக்காங்க, அவங்களுக்கு நான் பெரிய மரியாதை வச்சிருக்கேன்.

4. வராத பசங்க. கிராமத்து ஸ்கூல்னு வந்தா இது தான் எல்லாத்தையும் விட பெருசு, மத்த ஊர் ஆய்வுகள்ல இது சரியா வராது.

நம்ம பக்கம் தை பொறந்ததுல இருந்து மாடு விடுற திருவிழா. இன்னைக்கு இந்த ஊரு, நாளைக்கு பக்கத்து ஊரு, மாசி வரைக்கும் ஓடும். திருவிழா நல்ல விஷயம், ஊரே சேருற நாள். ஆனா அதே நேரம் தான் பத்தாவதுக்கு திருப்புதல் தேர்வு, பாதி பையன்கள் மாடு ஓடுற ஊர்ல இருப்பாங்க. தேதி எல்லாம் ஊர்ல முன்கூட்டியே தெரியும். மேலாண்மைக் குழுவுல இருக்கிற அப்பாக்கள் கிட்ட கேட்டு அதை ஒதுக்கி டெஸ்ட் தேதி வைக்கிற எச்.எம்-க்கும், மேல இருந்து வந்த ஷெட்யூலை ஒட்டிட்டு ஆப்சென்ட் போடுற எச்.எம்-க்கும் பிப்ரவரியிலயே வித்தியாசம் தெரிஞ்சிடும்.

பொண்ணுங்க கதை வேற. குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் வீட்டுல பீடி சுத்துற வேலை இருந்தா தட்டு பொண்ணு மடிக்கும் வரும். ஆம்பூர் சுத்து வட்டாரத்துல ஷூ கம்பெனி பஸ் காலையில ஊருக்கே வந்து ஆள் ஏத்திட்டு போகும், அக்கா போறாங்க, பத்தாவதுல ஒரு பாடம் போச்சுன்னா தங்கச்சிக்கும் அங்க சீட் ரெடி. அரசுப் பள்ளியில ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் படிச்சு காலேஜ் போற பொண்ணுங்களுக்கு மாசம் ஆயிரம் ரூபாய்ங்கிற புதுமைப் பெண் திட்டம் 2022-ல இருந்து இருக்கு, ஒன்பதாவது படிக்கிற பொண்ணோட அம்மாவுக்கு அது தெரியுமாங்கிறது தான் கேள்வி. அதை சொல்ற வேலை ஸ்கூல் தான் செய்யணும்.

மலைப்பக்கம், ஜவ்வாது மலை, பீஞ்சமந்தை மாதிரி ஊர்கள்ல அப்பா அம்மா எஸ்டேட் வேலைக்கு கர்நாடகா, கேரளான்னு போயிடுவாங்க, பசங்க பாட்டி கிட்ட. லீவு முடிஞ்சு யார் திரும்பி வரலன்னு பாத்து கூப்பிட ஒரு ஆள் இருக்கணும். அடிவாரத்து ஊர்கள்ல பஸ் பிரச்சனை, காலையில ஒரு பஸ்ஸை விட்டா அடுத்தது மூணாவது பீரியடுக்கு தான் வந்து சேரும். மேலாண்மைக் குழுவுல தீர்மானம் போட்டு டெப்போவுக்கு எழுதி பஸ் டைமை மாத்திக் கேக்குறது எச்.எம் செய்யக்கூடிய வேலை, சர்க்குலர் எதுலயும் இருக்காது.

பாஸ் பர்சன்டேஜ் ஏன் ஏமாத்துது

கிராமத்து உயர்நிலைப் பள்ளியில பத்தாவதுல இருபத்தஞ்சு பேர்னு வச்சுக்கங்க. ஒரு பையன் நாலு சதவீதம். போன வருஷம் 92, இந்த வருஷம் 80-ன்னு பேப்பர்ல பாத்தா பெரிய சரிவு மாதிரி தெரியும், உள்ள பாத்தா மூணு பசங்க. ஒருத்தனுக்கு அம்மை போட்டிருக்கலாம், ஒருத்தன் அப்பா கூட வேலைக்கு போயிருக்கலாம். அதுக்கு எச்.எம்-ஐ ரிவ்யூ மீட்டிங்ல எழுந்து நிக்க வைக்கிறது எந்த விதத்துலயும் நியாயம் கிடையாது. டவுன்ல இருநூறு பேர் எழுதுற ஸ்கூலுக்கு இந்த ஆட்டம் வராது, அங்க ஒருத்தர் அரை சதவீதம் தான்.

இன்னொண்ணு, பாஸுக்கு 35 மார்க். 34-ம் 35-ம் படிப்புல ஒண்ணு தான், பர்சன்டேஜ்ல வேற வேற. 36-ல இருந்து 70-க்கு ஒரு பொண்ணை ஏத்திவிட்ட டீச்சரோட உழைப்பு இந்த நம்பர்ல வரவே வராது. அதனால ஸ்கூல் கவனம் முழுக்க அந்த 25-ல இருந்து 40-க்குள்ள இருக்கிறவங்க மேல போகும், மெல்லக் கற்கும் மாணவர்னு பேர் வச்சு மினிமம் மெட்டீரியல் குடுத்து உரு போட வைப்பாங்க. பிப்ரவரியில அதை செய்யிறதை நான் குறை சொல்ல மாட்டேன், அந்தப் பையனுக்கு அந்த சர்டிபிகேட் வேணும். ஜூன்லயே அதை கையில குடுத்தா அவனை கைவிட்டுட்டோம்னு அர்த்தம்.

மூணாவது, இதை சத்தமா சொல்லணும். நூறு சதவீதம் வேணும்னு அழுத்தம் வந்தா சில இடத்துல ஒன்பதாவதுலயே "டி.சி வாங்கிக்கோ, பிரைவேட்டா எழுதிக்கோ"ன்னு பேச்சு வரும். போனவன் கணக்குல இல்ல, பர்சன்டேஜ் ஏறும். அதனால நூறு சதவீதம்னு பேனர் பாத்தா, ரெண்டு வருஷம் முன்ன அதே ஸ்கூல்ல எட்டாவதுல எத்தனை பேர் இருந்தாங்கன்னு கேளுங்க.

எச்.எம் கையை கட்டிப் போடுற விஷயங்கள்

எச்.எம் ஆகுறது சீனியாரிட்டி படி. அரசு ஊழியர் ரிட்டயர்மென்ட் வயசு 2021-ல 60 ஆச்சு, பலருக்கு பதவி உயர்வு வர்றப்போ மூணு நாலு வருஷம் தான் மிச்சம் இருக்கும், அதுலயும் டிரான்ஸ்ஃபர் கவுன்சிலிங்ல சொந்த ஊர் பக்கம் காலி இடம் வந்தா போயிடுவாங்க. போகக்கூடாதுன்னு சொல்ல யாருக்கும் உரிமை இல்ல. ஆனா ஆறாங்கிளாஸ்ல போடுற அடித்தளம் பத்தாவதுல தெரிய அஞ்சு வருஷம் ஆகும், எச்.எம் ரெண்டு வருஷத்துல மாறினா யாருக்கும் ஆறாங்கிளாஸை பாக்குற தேவையே வராது. நடுவுல பொறுப்பு எச்.எம் காலம் வந்தா இன்னும் மோசம், ஏன்னா அவர் சொன்னா கேக்கணும்னு சக டீச்சர்ஸுக்கு கட்டாயம் இல்ல, கணக்கு கிளாஸும் போச்சு, நிர்வாகமும் பாதி.

அப்புறம் எமிஸ், அதாவது ஸ்கூல் விவரம் எல்லாம் ஏத்துற அரசு ஆன்லைன் தளம். அட்டெண்டன்ஸ், இலவச பொருள், ஸ்காலர்ஷிப், எல்லாம் அதுல ஏத்தணும். கிளார்க் இல்லாத ஸ்கூல்ல இதை யார் பண்றது, எச்.எம்-மும் கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஒரு டீச்சரும் தான்.

பேப்பர் வேலை கூடினா ஸ்கூல் நல்லாகும்னு நம்புறவங்க மத்தியப் பிரதேசத்துல நடந்ததை பாக்கணும். அங்க ஸ்கூல்களை மதிப்பிட்டு, குறை கண்டுபிடிச்சு, எச்.எம் கையால மேம்பாட்டுத் திட்டம் எழுத வைக்கிற திட்டம் வந்துச்சு. கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங்கும் அதை ஆய்வு பண்ணி 2020-ல வெளியிட்டாங்க. மதிப்பீடு நடந்துச்சு, திட்டம் எழுதியாச்சு, ஆனா டீச்சர் பாடம் எடுக்கிற விதமும் மாறல, பசங்க படிப்பும் மாறல. காகிதம் மட்டும் ஒழுங்கா நிறைஞ்சுது.

அடுத்த மேலாண்மைக் குழு கூட்டத்துல கேக்க வேண்டியது

பெற்றோரா இருந்தாலும், குழு உறுப்பினரா இருந்தாலும், முன்னாள் மாணவரா இருந்தாலும், பர்சன்டேஜை விட்டுட்டு இதை கேளுங்க.

1. மூணு வருஷ பத்தாவது ரிசல்ட்டை சேர்த்து எத்தனை பேர் எழுதி எத்தனை பேர் பாஸ்? சின்ன ஸ்கூலுக்கு ஒரு வருஷ நம்பர் உதவாது.

2. அதே பசங்க எட்டாவதுல எத்தனை பேர் இருந்தாங்க, இப்போ இல்லாதவங்க எங்க?

3. ஏழாங்கிளாஸ்ல தமிழ் பாடம் ஒரு பக்கம் தடங்கல் இல்லாம வாசிக்கிறவங்க எத்தனை பேர்? இதுக்கு பரீட்சை வேணாம், கூட்டத்துக்கு வந்த அம்மாக்களே புத்தகத்தை குடுத்து கேக்கலாம்.

4. டீச்சர் இல்லாத நாள்ல எந்த கிளாஸ்ல என்ன நடக்குது, அதுக்கு முன்கூட்டியே ஏற்பாடு இருக்கா?

5. காலையில வராத பசங்க வீட்டுக்கு யார் போன் பண்றாங்க, எத்தனை மணிக்கு?

6. ஒரு பாடத்துக்கு டீச்சரே இல்லன்னா எத்தனை மாசமா இல்ல, எச்.எம் எத்தனை முறை எழுதிக் கேட்டிருக்காரு? அந்த கடிதத்தோட நகல் குழு கையில இருந்தா சி.இ.ஓ. ஆபீஸ்ல போய் பேச ஊருக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

7. எச்.எம் மாறப்போறார்னா, ஆறுல இருந்து ஒன்பது வரைக்கும் எந்தெந்த பசங்க வாசிப்புல, கணக்குல எங்க நிக்கிறாங்கன்னு பேர் பேரா எழுதின ஒரு நோட்டு இருக்கா? சாவி, ரிஜிஸ்டர், கேஷ் புக் எல்லாம் கையெழுத்து போட்டு அடுத்தவருக்கு ஒப்படைக்கிறாங்க, அந்த நோட்டையும் அதே நாள் சேர்த்து ஒப்படைக்கணும்னு குழுவே தீர்மானம் போடலாம்.